இரண்டாவது பிரேக்

மாமா எங்கே உட்கார்ந்தாலும் அவருடைய வலது கால் மட்டும் தனியாக உட்காரும். இடது காலை மடக்குவார், நீட்டுவார், ஆட்டுவார். அது வீட்டுக் கால். வலது கால் எப்போதும் வேலையில் இருக்கும். குதிகாலை ஊன்றி, முன்பாதத்தை ஒரு விரற்கடை உயர்த்தி, கண்ணுக்குத் தெரியாத எதையோ தொட்டும் தொடாமலும் வைத்திருப்பார். தொலைக்காட்சியில் ஒரு கார் திருப்பத்தில் வேகமாக வந்தால் அந்தப் பாதம் மெல்ல இறங்கும். முடிதிருத்துபவரின் கத்தி காதுக்குப் பக்கத்தில் வந்தால் இறங்கும். அத்தை பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஃபோனில் பேச்சை வளர்த்தால், கூடத்தில் இருக்கும் மாமா வாயைத் திறக்கமாட்டார். பாதம் மட்டும் இறங்கும். பால் பொங்கி வழிந்த பிறகுதான் வாய் திறக்கும். அதற்கப்புறம் அதை மூடுவது லேசில்லை.

மாமா கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் பயிற்சியாளர். பழகுகிறவர்களின் காரில் பக்கத்து இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். பழகுகிறவர் தடுமாறினால் பயிற்சியாளர் அழுத்துவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மாமா அந்த இருக்கையில்தான் இருந்தார். ஸ்டியரிங் பக்கம் அவரை நான் பார்த்தது குறைவு. பழக வந்தவர்கள் அவருக்கு 'ரெண்டாவது பிரேக்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "ரெண்டாவது பிரேக் இன்னிக்கு லீவா?" என்று அலுவலகத்துக்கே ஃபோன் வரும். அவருக்கு அதில் பெருமை.

"முதல் பிரேக் அவங்களோடது மாப்ளே. அது எப்ப வேலை செய்யும்னு அவங்களுக்கே தெரியாது" என்பார்.

காரில் மாமா வேறு மனிதர். நான் வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில் சில காலைகள் பின்னிருக்கையில் சும்மா உட்கார்ந்து போயிருக்கிறேன். ஒரு பெண்மணி மரத்தைப் பார்த்து மிரண்டு வண்டியை நடுச்சாலையில் நிறுத்தினார். "பரவால்ல மேடம், மரம் அங்கயேதான் இருக்கும். நாம மெதுவா போலாம்" என்றார் மாமா. இன்னொருவர் ஒரு சுவரை உரசிவிட்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தார். "சுவத்துக்கு ஒண்ணும் ஆகல சார். நமக்கும் ஒண்ணும் ஆகல. இன்னிக்கு நல்ல நாள்" என்றார். குரல் ஏறவே ஏறாது. வயதில் சிறியவர்களையும் வாங்க போங்க என்றுதான் சொல்வார்.

இந்தப் பொறுமையெல்லாம் வீட்டு வாசலில் செருப்போடு சேர்ந்து கழன்றுவிடும். அத்தைக்கு அதில் ஒரு சொட்டும் மிஞ்சியதில்லை. அத்தை ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி பிரிவில் வேலை பார்த்தாள். நாளெல்லாம் நீராவிக்குள் நின்று முகம் சிவந்து வீடு வருவாள். அவளும் வாய்க்கு வாய் கொடுப்பாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் ஆள் குறைவு என்பது சத்தத்தைக் கேட்டால் தெரியாது.

கல்யாணமான புதிதில் அத்தைக்கும் கார் பழக ஆசை வந்திருக்கிறது. மாமாவே கூட்டிப்போனார். ஒரே ஒரு பாடம். "கிளட்ச்சுன்னா என்னன்னு எத்தனை தடவைடி சொல்றது!" என்று அவர் கத்தியதும், சிக்னலில் வண்டி நின்றிருந்தபோது அத்தை கதவைத் திறந்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

"அப்புறம் நீங்க என்ன பண்ணீங்க மாமா?"

"என்ன பண்றது? பின்னாடி பத்து வண்டி ஹாரன் அடிக்குது. நான் பிரேக்க அழுத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவருடைய நெஞ்சுவலியும் அப்படித்தான் தெரியவந்தது. வெறும் நேர்ச்சாலையில் ஒரு பெண்ணுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. வண்டி திடீரென்று குலுங்கி நின்றது. "சார், நான் ஒண்ணும் பண்ணலையே!" என்று பதறித் திரும்பியிருக்கிறாள். மாமாவின் கால் பிரேக்கை அடிவரை அழுத்தியிருந்தது. கை நெஞ்சில் இருந்தது. உரிமம்கூட வாங்காத அந்தப் பெண்தான் அவரை மருத்துவமனை வரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமா மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: "கியர் மாத்தறதுதான் இன்னும் சரியா வரல அந்தப் பொண்ணுக்கு."

அறுவை செய்த டாக்டர் குள்ளமான மனிதர். சொல்வதையெல்லாம் ஒரு தாளில் வரைந்து காட்டுவார். மூன்று இடத்தில் அடைப்பு, மாற்றுவழி போட்டுவிடலாம் என்று கோடு இழுத்தார்.

"டைவர்ஷன் போர்டு வைப்பீங்களா டாக்டர்?" என்றார் மாமா.

டாக்டர் சிரிக்கவில்லை. "கால்லேர்ந்து ஒரு ரத்தக் குழாய எடுத்துதான் இங்க வைப்போம். வலது கால் உங்களுக்கு நல்லா இருக்கு."

"அது பிரேக் காலாச்சே. கிளட்ச் கால்ல எடுக்கக் கூடாதா?"

டாக்டர் அத்தையைப் பார்த்தார். "இவர் எப்பவும் இப்படித்தான், நீங்க சொல்லுங்க" என்றாள் அத்தை.

அவர் அதற்குப் பிறகு அத்தையிடம்தான் பேசினார். நெஞ்செலும்பை நடுவில் பிளந்துதான் இதயத்துக்குப் போக முடியும். வேலை முடிந்ததும் இரண்டு பாதியையும் சேர்த்துக் கம்பியால் கட்டுவார்கள். "எலும்பு தானா ஒட்டற வரைக்கும் அந்தக் கட்டுதான் தாங்கணும். இவருக்குச் சர்க்கரை வேற இருக்கு, ஒட்டறதுக்கு நாளாகும். கையை ஊனி எழுந்திரிக்கக் கூடாது. எதையும் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது. இருமல் வந்தா ஒரு தலையணைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இருமணும். தானா கட்டில விட்டு இறங்கவே கூடாது. கட்டு விட்டுச்சுன்னா மறுபடியும் திறக்கணும். இந்த உடம்புக்கு அது நல்லதில்லம்மா. உள்ள செய்யறத நாங்க பாத்துக்கறோம். வெளிய வந்தப்புறம் நீங்கதான் பாத்துக்கணும்."

அத்தை தலையாட்டினாள். விளிம்பு வரை நிறைந்த ஒரு பாத்திரத்தைக் கையில் வாங்கியவளைப் போல அப்புறம் அவள் நடையே மாறிவிட்டது.

அறுவை நடந்த அன்று நாங்கள் காத்திருந்த கூடத்தில் நாற்காலிகள் ஒன்றோடொன்று கம்பியால் பிணைத்துப் போடப்பட்டிருந்தன. ஒருவர் எழுந்தால் வரிசையே ஆடும். யாராவது எழுவதெல்லாம் அந்த இரட்டைக் கதவு திறக்கும்போதுதான். கதவு திறந்ததும் எல்லா வரிசையும் ஆடும், வேறு யார் பெயரையோ கூப்பிடுவார்கள், மறுபடி எல்லா வரிசையும் ஆடி அடங்கும். அத்தையின் மடியில் ஒரு துணிப்பை. அதில் மாமாவின் கண்ணாடி, கைக்கடிகாரம், செருப்பு. செருப்பைக் கீழே வைக்கலாமே என்றேன்.

"வேணாம். யாராவது மிதிச்சிடுவாங்க" என்றாள்.

மாமாவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கமாட்டாமல் நான் சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு விதிகளை முழுதாகப் படித்தேன். படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். வேறு செய்வதற்கு அந்தக் கட்டடத்தில் எனக்கு ஒன்றும் இல்லை.

அறுவை நல்லபடியாக முடிந்தது என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடி வழியே பார்த்தோம். மாமா என்று எங்களுக்குக் காட்டப்பட்டது குழாய்களுக்கு நடுவில் மெழுகு நிறத்தில் ஒரு முகம். வலது கால் கணுக்காலிலிருந்து தொடை வரை கட்டுப்போட்டு நேராகக் கிடந்தது. அந்தப் பாதம் எதையும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. எனக்கு அவரை அடையாளம் தெரியாமல் போனது முகத்தால் அல்ல, அந்தக் காலால்தான்.

வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டு வார்டுக்கு மாற்றிய அன்று அத்தை அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள். "என்னங்க, எப்படி இருக்கு?"

மாமா கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு, கரகரத்த குரலில், மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "நீங்க எந்த பேட்ச் மேடம்?"

நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் கேலி பேசுகிறவர்தானே. ஆனால் அவர் முகத்தில் கேலி இல்லை. கையை நீட்டி, முன்னால் இல்லாத ஒன்றைத் துடைத்தார். கண்ணாடியில் பனி படிந்திருக்கிறது என்றார்.

பெரிய அறுவைக்குப் பிறகு சிலருக்கு இப்படிப் புத்தி தடுமாறும், சில நாளில் தானாகத் தெளியும், எங்கே இருக்கிறார் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அத்தை சொன்னாள். "இது ஆஸ்பத்திரிங்க. உங்களுக்கு ஆபரேஷன் ஆயிருக்கு. நான் உங்க பொண்டாட்டி." சொல்லச் சொல்ல மாமாவுக்குக் கோபம் ஏறியது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது யார் இந்த அம்மா குறுக்கே வந்து என்னென்னவோ சொல்வது? கழுத்தில் இருந்த ஊசிக் குழாயைப் பிடித்து இழுக்கப் போனார். முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். நர்ஸ் ஓடிவந்தாள். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். கடைசியில் அவருடைய இரண்டு மணிக்கட்டையும் மெத்தென்ற துணிப்பட்டையால் கட்டிலின் இரும்போடு கட்டினார்கள்.

"அவர் நல்லதுக்குத்தாம்மா. எலும்பு விலகிடுச்சுன்னா?" என்றாள் நர்ஸ்.

கட்டிய கைகளை மாமா ஆச்சரியமாகப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "சார், கொஞ்சம் போலீஸுக்குச் சொல்லுங்க" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

திரும்பி வந்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"கிளம்பலாங்களா சார்?" என்றாள்.

மாமா இழுப்பதை நிறுத்தினார். "பெல்ட் போட்டாச்சா மேடம்?"

"போட்டாச்சுங்க."

"கண்ணாடி பாத்தீங்களா?"

"எந்தக் கண்ணாடிங்க?"

"மூணும்தான். பின்னாடி யார் வர்றாங்கன்னு தெரியாம கிளம்பக் கூடாது."

அத்தை திரும்பிப் பார்த்தாள். நர்ஸ் மாத்திரைத் தள்ளுவண்டியோடு வந்துகொண்டிருந்தாள். "ஒரு வண்டி வருதுங்க."

"போகட்டும். நமக்கு என்ன அவசரம்?"

நர்ஸ் எங்களைத் தாண்டிப் போனாள். அத்தை முதல் கியர் போட்டாள்.

அன்று மாலை பட்டைகளை அவிழ்த்துவிட்டார்கள். அத்தை ஓட்டும் வரை மாமா கையை மடியில் வைத்துக்கொண்டு அடங்கிக் கிடந்தார். குழாயைத் தொடவில்லை. எழ முயலவில்லை. மாத்திரையைக்கூட "டோல்கேட் வந்துருச்சுங்க, வாயத் தொறங்க" என்றால் வாங்கிக்கொண்டார். "என்னமோ பண்ணுங்க. மனுஷன் படுத்துக் கெடந்தா சரி" என்றாள் நர்ஸ். அப்போதிலிருந்து அத்தை பகலெல்லாம் ஓட்டினாள். அவள் தொண்டை வறண்டால் அவர் கண்ணயரும் நேரத்தில் தண்ணீர் குடித்துக்கொள்வாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரர். அவருக்கும் அதே அறுவை. டாக்டர் போட்ட தையலைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஓரத்த மடிச்சு அடிச்சிருக்கலாம்" என்று குறை சொன்னவர். அவர் எங்கள் பாடத்தைக் காது கொடுத்துக் கேட்பார்.

"தம்பி, நானும் ரிவர்ஸ் வரைக்கும் வந்துட்டேன். டிஸ்சார்ஜ் ஆனதும் நேரா லைசென்ஸ் டெஸ்ட்டுக்குத்தான்" என்றார் என்னிடம்.

வராந்தா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மெல்ல ஒன்று புரிந்தது. அத்தை முதல் நாள் இருந்தவளாக இல்லை. காலையில் வரும்போது தலையைப் படிய வாரியிருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். தவறான கியர் போட்டுவிட்டதாக அவள் சொன்னபோது மாமா திட்டவில்லை. "அதுக்கென்ன மேடம், எல்லாரும் பண்றதுதான். வண்டி ஒண்ணும் கோச்சுக்காது" என்றார். அத்தை வேண்டுமென்றே இன்னொரு தடவை தவறாகப் போட்டாள். அவர் இன்னொரு தடவை பரவாயில்லை என்றார்.

"உங்களுக்குக் கை நல்லா வருது மேடம். இத்தனை நாளா ஏன் பழகல?"

"சொல்லித்தர ஆள் இல்லங்க."

"வீட்டுக்காரர் ஓட்டமாட்டாரா?"

"ஓட்டுவாரு. அவருக்கு நேரமில்ல."

மாமா யோசித்தார். "நேரமில்லன்னு சொல்லாதீங்க. பொறுமையில்லன்னு சொல்லுங்க" என்றார்.

அத்தை கையிலிருந்த காற்றை விடவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் தோளால் துடைத்துக்கொண்டு ஓட்டினாள். தையல்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அது நடந்தது ஒரு காலைப் பொழுதில். மாமா கண் திறந்ததிலிருந்து கொஞ்சம் அலைபாய்ந்தபடி இருந்ததால் அத்தை வழக்கத்தைவிட முன்னதாகவே வண்டியை எடுத்தாள். கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும், சீக்கிரம் முடியுங்கள் என்று நர்ஸ் தூரத்திலிருந்து கையைக் காட்டினாள். அதற்குமுன் எந்தப் பாடமும் முடிந்ததில்லை. பாதியில் மாமா தூங்கிவிடுவார், அல்லது பார்வையாளர் நேரம் முடிந்து எங்களைக் கிளப்பிவிடுவார்கள். முதல் தடவையாக அத்தை வண்டியை ஓரங்கட்டினாள்.

"நிறுத்திட்டேங்க."

"ஹேண்ட் பிரேக்?"

"போட்டாச்சு."

"என்ஜின ஆஃப் பண்ணுங்க. பிரமாதம் மேடம்."

அத்தை சிரித்துக்கொண்டே, ஸ்டூலுக்குப் பின்னால் விழுந்து கிடந்த தலையணையை எடுக்கத் திரும்பினாள்.

மாமாவிடம் பழகிய எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. வண்டி நின்றதும் மாமாதான் முதலில் இறங்குவார். நடைபாதை ஓரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே தன் பாதத்தை வைத்து இடைவெளி பார்ப்பார். அப்புறம் முன்பக்கமாகச் சுற்றி வந்து, பழகுகிறவரின் கதவைத் தானே திறந்துவிட்டு, "இன்னிக்கு இது போதும்" என்பார். அவர் கதவைத் திறக்கும் வரை பாடம் முடிந்ததாகக் கணக்கில்லை. அத்தைக்கு இது தெரியாது. அவள் பாதியில் இறங்கிப் போனவள்.

நான் வாசலில் இருந்தேன். மாமா இரண்டு கையையும் கட்டில் விளிம்பில் ஊன்றி எழுவதைப் பார்த்தேன். கால் கீழே வந்தது. கட்டுப்போட்ட அந்த வலது கால்தான் முதலில் வந்தது. அது தாங்கவில்லை. முழங்கால் மடங்கி, கட்டிலின் இரும்பில் தோள் இடித்து, தரையில் உட்கார்ந்தார். ஊசிக் குழாய் பிடுங்கிக்கொண்டு வந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை.  அத்தை தலையணையோடு திரும்பியபோது ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையிலிருந்து மாமா அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளி நிறுத்திட்டீங்க மேடம்" என்றார்.

நர்ஸ் கத்தினாள். "அஞ்சு நிமிஷம் பாத்துக்க முடியாதாம்மா உங்களால? தலைபாடா அடிச்சுக்கிட்டோமே, இறங்க விடாதீங்கன்னு!" ஆட்கள் வந்தார்கள். தூக்கிப் படுக்கவைத்தார்கள். திரையை இழுத்துவிட்டார்கள். இன்னொரு அறுவையிலிருந்து பாதியில் வந்த டாக்டர் அதே வேகத்தில் திரைக்குள் போனார், அதே வேகத்தில் வெளியே வந்தார். தலையில் பச்சைத் தொப்பி அப்படியே இருந்தது.

"கட்டு விட்டிருக்கு. மறுபடி திறந்து கட்டணும். இப்பவே கொண்டுபோறோம்" என்றார். அத்தை ஏதோ கேட்க வாயெடுத்தாள். அவர் போய்விட்டிருந்தார்.

மறுபடி அதே கூடம், அதே நாற்காலி வரிசை. இந்தத் தடவை அத்தை செருப்புப் பையைக் கொண்டுவரவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, அது உங்க தப்பில்ல."

 கதவு ஒருமுறை திறந்து மூடி, வரிசைகள் ஆடி அடங்கிய பிறகு பேசினாள். "நேத்தே கொஞ்சம் தெளிஞ்சிருந்தாருடா. ஒரு தடவ என்னைப் பாத்து 'ஏய், கதவச் சாத்து'ன்னாரு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு, மனுஷன் திரும்பி வர்றாருன்னு. நான்தான் ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு 'கிளம்பலாங்களா சார்'னேன். மறுபடி மேடம்னாரு." வெறும் கைகளை மடியில் விரித்தாள். "இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்னு நெனச்சேன். அந்த ஒரு நாளுக்குத்தான் இது."

 ஆறுதல் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று இன்றும் யோசிக்கிறேன். சுவரில் தீயணைப்பு விதிகள் அப்படியே இருந்தன.

மாமா பிழைத்தார். இரண்டாவது தடவை கண் விழித்தபோது முகம் இன்னும் ஒடுங்கியிருந்தது, ஆனால் பார்வை அவருடையதாக இருந்தது. அத்தையைப் பார்த்ததும், "ஏய், கண்ணாடிய எங்க வச்சுத் தொலைச்ச?" என்றார். தையல்காரர் கை தட்டினார். நர்ஸ்கூடச் சிரித்தாள். அத்தை கண்ணாடியை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஸ்டூலைக் கட்டிலிலிருந்து தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.

நடந்த எதுவும் அவருக்கு நினைவில்லை. பாடம், போலீஸ், டோல்கேட், ஒன்றும் இல்லை. ஏன் இரண்டு தடவை திறந்தார்கள் என்று கேட்டார். "கட்டு சரியா நிக்கலையாம்" என்றேன். அத்தை சுவரைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் முன்பே வாக்கு வாங்கியிருந்தாள்.

உடற்பயிற்சி தரும் இளம்பெண் ஒருத்தி வார்டுக்கு வருவாள். குழாயை உறிஞ்சினால் மூன்று பந்து மேலே எழும் கருவியைக் கொடுத்து ஊதாமல் இழுக்கச் சொல்வாள். மாமாவுக்கு ஒரு பந்துதான் எழுந்தது. அதுவும் பாதி வரை. "எத்தனையோ பேரை மலைப்பாதை ஏத்திவிட்டேன். ஒரு பந்த ஏத்த முடியல பாருங்க" என்பார் அவளிடம். வராந்தாவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கதவு வரை நடந்துவிட்டு, கதவில் சாய்ந்து அழுதார். அழும்போது நெஞ்சு குலுங்கக் கூடாது என்று அவள் தலையணையை அணைத்துக்கொள்ளச் சொன்னாள். தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

வீட்டுக்கு வந்த நாளில் முன்னிருக்கையில் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வாடகைக் காரின் பின்னிருக்கையில், தலையணைக்கு மேல் பெல்ட் போட்டு வந்தார். ஓட்டியவர் ஒவ்வொரு திருப்பத்திலும் பிரேக்கைத் தாமதமாகத்தான் மிதித்தார். மாமா வாயே திறக்கவில்லை.

வீட்டில் அவரால் ஒன்றும் முடியாது. தண்ணீர்க் குடத்தை நகர்த்தக் கூடாது. சட்டையைத் தலைவழி மாட்டக் கூடாது. ஜன்னலைத் தள்ளக் கூடாது. அத்தை வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு அவரைக் குளிப்பாட்டினாள், துடைத்தாள், உட்காரவைத்தாள், எழுப்பினாள். அவர் கட்டில் விளிம்புக்கு நகர்ந்தாலே சமையலறையிலிருந்து ஓடிவருவாள். உப்பில்லாத சாப்பாட்டை அவர் திட்டினார். வெந்நீர் சூடு போதவில்லை என்று திட்டினார். அவள் "சரிங்க" என்றாள். எல்லாவற்றுக்கும் "சரிங்க"தான்.

ஒரு நாள் அவள் மருந்து வாங்கப் போயிருந்தபோது மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மாப்ளே, உங்க அத்தைக்கு என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லையே மாமா."

"திருப்பித் திட்ட மாட்டேங்கறா. காலைல காபி தண்ணியா இருக்குன்னு கத்தினேன். வேற போட்டுக் கொண்டுவந்து வச்சுட்டுப் போறா. நான் என்ன சாகப்போறேனா? டாக்டர் தனியா ஏதாவது சொன்னாரா? உள்ளதச் சொல்லு."

"இல்ல மாமா. நல்லா ஒட்டிக்கிட்டு வருதுன்னுதான் சொன்னாரு."

"அப்ப அவளுக்குச் சலிச்சுப்போச்சு. மூட்டை தூக்கறமாதிரி என்னைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கா. யாருக்குத்தான் சலிக்காது?" கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார். "வேணும்னே கத்தறேன்டா. ஒரு வார்த்த திருப்பிச் சொல்லுவாளான்னு."

அத்தை உள்ளே வந்தாள். மாமா உடனே, "எவ்வளவு நேரம்டி ஒரு மருந்து வாங்க?" என்று கத்தினார். கத்தியதில் இருமல் வந்தது. அத்தை ஓடிவந்து தலையணையை அவர் நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இருமி முடித்ததும், "இனிமே சீக்கிரம் வந்துடறேங்க" என்றாள். மாமா என்னைப் பார்த்தார். நான் அத்தைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். விடைபெற்று வெளியே வந்துவிட்டேன்.

எலும்பு ஒட்டியது. மாமா இப்போது பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து சாலை விதிகளுக்கு வகுப்பு எடுக்கிறார். அத்தை சலவை நிலையத்துக்குத் திரும்பப் போகவே இல்லை. வீட்டில் சத்தமும் திரும்பவில்லை. அவர் கத்துவதையும் மெல்ல விட்டுவிட்டார். இருவரும் ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாக இருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் அதைப் புகழ்கிறார்கள்.

அடுத்த வருடம் எனக்கு மணிக்கட்டில் அடிபட்டு அதே மருத்துவமனைக்குப் போனேன். பயிற்சி தந்தது அதே பெண். கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிரைவிங் சார் எப்படி இருக்காரு?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறார் என்றேன். அப்புறம், ஏன் சொன்னேனோ தெரியவில்லை, அன்று அவர் கட்டிலிலிருந்து இறங்காமல் இருந்திருந்தால் இரண்டாவது அறுவையே தேவைப்பட்டிருக்காது என்று சொன்னேன்.

அவள் என் கையை மேசையில் வைத்தாள்.

"யாரு சொன்னது அப்படி? அன்னைக்கு விடிஞ்சதும், நீங்கள்லாம் வர்றதுக்கு முன்னாடி, நான்தான் அவர இருமச் சொல்லி நெஞ்சுல கைய வச்சுப் பாத்தேன். நெஞ்செலும்போட ரெண்டு பாதியும் கைக்குத் தெரியற மாதிரி நகர்ந்துச்சு. ராத்திரி இருமினதுலயே கட்டு விட்டிருக்கு. உடனே டாக்டர்கிட்ட சொல்லி, படமெடுத்து, ஆபரேஷன் தியேட்டருக்கும் சொல்லியாச்சு. கைல இருக்கற கேஸ முடிச்சுட்டு வந்து வீட்டுக்காரங்ககிட்ட சொல்றேன்னாரு."

அத்தை வண்டியை ஓரங்கட்டி, "நிறுத்திட்டேங்க" என்று சொன்ன நேரத்தில், கீழ்த்தளத்தில் மாமாவுக்காக அறுவை மேசையைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.